கப்பல் பட்டியலில் ஒரு பெயர்

குடும்பத்தின் நினைவு மூன்று தலைமுறைகளுக்கு அப்பால் நீள்வது அரிது. பாட்டனாரின் பாட்டனார் எவ்வூரில் பிறந்தார், எத்தொழில் செய்தார், எந்த ஆண்டில் இவ்விடம் வந்து குடியமர்ந்தார் என்று வினவினால் நம்மில் பெரும்பாலோர் மௌனம் காப்போம். பிறந்த ஊரிலேயே வாழ்ந்து மடியும் குடும்பங்களுக்கு இவ்வினா எழுவதே இல்லை. ஆஸ்திரேலிய நாட்டவரின் நிலை வேறு. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அம்மண்ணில் வாழ்ந்துவரும் பூர்வகுடி மக்களை விடுத்து, அங்குள்ள ஏனைய குடும்பங்கள் யாவும் கடல் கடந்து வந்தவர்களின் வழிவந்தவையே. ஆகவே, தம் முன்னோரைத் தேடும் ஆஸ்திரேலியர் எவரும் இறுதியில் ஒரு துறைமுகத்தில்தான் போய் நிற்கின்றனர். எந்தக் கப்பல்? எந்த நாள்? எந்த நிலையில் வந்திறங்கினார்? இம்மூன்று வினாக்களின் பின்னால் ஒரு மனித வாழ்வின் முழுச் சுமையும் மறைந்துள்ளது. அச்சுமையைச் சற்றே இறக்கி வைத்துப் பார்க்க இக்கட்டுரையில் நாம் முயல்கிறோம்.

மூன்று வாசல்கள்

குடியேற்ற நாடாக இருந்த ஆஸ்திரேலியாவில் 19ஆம் நூற்றாண்டில் ஒருவர் கால்வைக்க மூன்று வாசல்கள் இருந்தன. முதலாவது, தண்டனை. 1788 ஜனவரி 26 அன்று 11 கப்பல்களைக் கொண்ட முதல் தொகுதி சிட்னிக் குடாவில் நங்கூரமிட்டது முதல், 1868இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கடைசிக் கைதிக்கப்பல் வந்தடைந்தது வரை, ஏறத்தாழ 1,62,000 பேர் நாடுகடத்தப்பட்டு அங்குக் கொணரப்பட்டனர். அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அயர்லாந்து நாட்டவர்; அவர்களிலும் பெரும்பாலோர் கத்தோலிக்கர்.

இரண்டாவது வாசல், அரசின் உதவி. 1831இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, குடியேற்ற நாட்டின் நிலங்களை விற்றுக் கிடைத்த பணத்தில் ஒரு பகுதி, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வாடிய ஏழைத் தொழிலாளரைக் கப்பலேற்றி அழைத்துவரச் செலவிடப்பட்டது. விற்கப்பட்ட அந்நிலங்கள் யாருடையவை என்னும் வினாவை அன்று கேட்டவர் சிலரே. பூர்வகுடி மக்களின் நிலம் பறிபோன கணக்கிலேதான் ஏழை ஐரோப்பியரின் பயணச் செலவும் எழுதப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மூன்றாவது வாசல், சொந்தப் பணம். 1851இல் பொன் கண்டெடுக்கப்பட்ட பின்பு, தாமே கட்டணம் செலுத்தி வந்தோர் விக்டோரியாவின் துறைமுகங்களில் அலையெனத் திரண்டனர்.

இம்மூவகையினரும் ஏடுகளில் விட்டுச்சென்ற தடங்களை ஒப்புநோக்கினால் வியப்பூட்டும் உண்மையொன்று புலனாகும். விலங்கிடப்பட்டு வந்தவரைப் பற்றியே நாம் மிகுதியாக அறிய இயலும். 1820களின் பிற்பகுதி முதல் கைதிகளின் பதிவேடு, பெயர், வயது, சமயம், பிறந்த இடம், தொழில், குற்றம், தீர்ப்பளிக்கப்பட்ட ஊர் ஆகியவற்றோடு உயரம், கண்ணின் நிறம், முடியின் நிறம், உடலிலிருந்த தழும்பு, பச்சை குத்திய அடையாளம் வரை அனைத்தையும் சொல்கிறது. அரசுதவியோடு வந்தவரைப் பற்றிய விவரங்கள் அதற்கு அடுத்த நிலையில் உள்ளன. தம் பணத்தில் வந்தவரோ பல பட்டியல்களில் வெறும் குடும்பப் பெயராக மட்டுமே நிற்கிறார். கீழ்த்தளத்தில் பயணம் செய்த ஏழையாயின் சில வேளைகளில் அப்பெயரும் இல்லை, ஆட்களின் எண்ணிக்கை மட்டுமே உண்டு. தான் ஐயுற்றவரையும் தான் செலவு செய்தவரையுமே அரசு நுணுகி எழுதி வைத்தது. அன்பினால் எழுதப்படாத அந்த ஏடுகளே இன்று பேரப்பிள்ளைகளின் கைகளில் அருஞ்செல்வமாகத் திகழ்கின்றன.

பின்னோக்கிய பயணம்

முன்னோரைத் தேடுவோர் பலர், நேரே கப்பல் பட்டியலைப் புரட்டத் தொடங்கிக் களைத்துப் போவதுண்டு. ஒரே பெயரில் பத்துப் பேர் வந்திறங்கியிருப்பர். அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்வதே முறை. அதாவது, கல்லறையில் தொடங்கித் தொட்டிலுக்குச் செல்ல வேண்டும்.

இதற்கு உற்ற துணையாவது இறப்புச் சான்றிதழ். விக்டோரியாவில் 1853 ஜூலை முதலும், நியூ சவுத் வேல்ஸில் 1856 மார்ச் முதலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிவு செய்யத் தொடங்கியது. அங்கு எழுதப்பட்ட இறப்புச் சான்றிதழ், இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், மணம் புரிந்த ஊர், மக்களின் பெயர்கள் ஆகியவற்றோடு, அவர் இக்குடியேற்ற நாடுகளில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டது. 1891இல் மறைந்த ஒரு மூதாட்டியின் சான்றிதழில் 41 ஆண்டுகள் என்றிருக்குமாயின், 1850ஐ ஒட்டிய கப்பல்களை நாம் தேடலாம். ஆயினும், இவ்விவரங்களைத் தந்தவர் இறந்தவர் அல்லர். துயரத்தில் ஆழ்ந்திருந்த மகனோ மருமகளோ அண்டை வீட்டாரோதான் தந்தனர். ஆகவே, நான்கைந்து ஆண்டுகள் முன்பின்னாக இருக்கலாம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

எழுத்தறியாதவரின் பெயரை எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினார். கேத்தரின் என்பவர் ஓரிடத்தில் கேட் என்றும் மற்றோரிடத்தில் கிட்டி என்றும் காணப்படுவார். குடும்பப் பெயரின் முன்னொட்டாகிய 'ஓ' ஓர் ஏட்டில் இருக்கும், அடுத்த ஏட்டில் மறைந்திருக்கும். வயதும் உறுதியன்று. பயண உதவி பெற ஏற்ற வயதைச் சொல்வோரும், தம் பிறந்த ஆண்டை உண்மையிலேயே அறியாதோரும் அன்று பலர். ஆதலால், ஒரு சான்றை மட்டும் நம்பாது, பெற்றோர் பெயர், பிறந்த ஊர், சமயம் ஆகிய மூன்றும் இணைகின்றனவா என்று பார்ப்பதே அறிவுடைமை. ஆஸ்திரேலிய தேசிய நூலகம் 2009இல் தொடங்கிய 'ட்ரோவ்' என்னும் இணையச் சேவையில் பழைய செய்தித்தாள்கள் பலவும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன; கப்பல் வந்த நாளையும் அதனைப் பற்றி ஊரார் பேசியதையும் அவற்றில் காணலாம்.

பஞ்சத்தின் பெண்மக்கள்

இத்தகைய தேடல்களுள் நம் நெஞ்சை மிகவும் தொடுவது, அயர்லாந்தின் அநாதைச் சிறுமியரைத் தேடும் தேடலாகும்.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு கருகல் நோய் தாக்கியது. அதனையன்றி வேறு உணவறியாத அயர்லாந்தின் ஏழை மக்கள் அடுத்த ஏழாண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேரைப் பசிக்கும் காய்ச்சலுக்கும் பலி கொடுத்தனர். அதற்கும் அதிகமானோர் நாட்டை விட்டு வெளியேறினர். 'ஒர்க்ஹவுஸ்' எனப்பட்ட ஏழையர் விடுதிகள் தாய்தந்தையற்ற பிள்ளைகளால் நிரம்பி வழிந்தன. மறுபுறம், ஆஸ்திரேலியாவில் ஆண்கள் மிகுந்து பெண்கள் குறைந்திருந்தனர். வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்நாளில் குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்த ஏர்ல் கிரே பிரபு இவ்விரு குறைகளையும் ஒன்றால் மற்றொன்றைத் தீர்க்க எண்ணினார். 1848 அக்டோபர் முதல் 1850 ஆகஸ்ட் வரை 20 கப்பல்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இளம்பெண்கள் அனுப்பப்பட்டனர். 11 கப்பல்கள் சிட்னிக்கும், 6 மெல்பர்னுக்கும், 3 அடிலெய்டுக்கும் சென்றன. அவர்களுள் பெரும்பாலோர் 14 முதல் 19 வயதுக்குட்பட்டவர்கள்.

ஒவ்வொரு பெண்ணுக்கும் விடுதி நிர்வாகத்தார் தர வேண்டிய பொருள்களின் பட்டியல் நமக்குக் கிடைத்துள்ளது: உள்ளாடை 6, கம்பளிப் பாவாடை 2, காலுறை 6 இணை, காலணி 2 இணை, மேலங்கி 2, அவற்றுள் ஒன்று குளிர் தாங்கும் துணியாலானதாக இருத்தல் வேண்டும். இவற்றை வைத்துக்கொள்ள இரண்டடி நீளமுள்ள மரப்பெட்டி ஒன்று. அதன் முகப்பில் உரியவளின் பெயர் எழுதப்பட்டிருக்கும். வறுமையின் அடித்தளத்தில் வளர்ந்த அப்பெண்களுள் பலருக்கு வாழ்வில் முதன்முதலாகத் தமக்கெனச் சொந்தமான பெட்டி அதுவாகவே இருந்திருக்கும்.

பிளிமத் துறைமுகத்திலிருந்து மூன்று நான்கு மாதக் கடற்பயணம். 'ஏர்ல் கிரே' என்னும் பெயரையே தாங்கிய முதல் கப்பல் 1848 அக்டோபர் 6 அன்று சிட்னியை அடைந்தது. ஒரு காலத்தில் ஆண் கைதிகளை அடைத்து வைத்த ஹைட் பார்க் பாசறையே அப்பெண்களின் தங்குமிடமாக மாற்றப்பட்டிருந்தது. அங்கே அலுவலர் குழுவொன்று அவர்களை விசாரித்துப் பட்டியல் எழுதியது. பெயர், வயது, பிறந்த ஊர், பெற்றோர் பெயர், பெற்றோர் உயிரோடிருக்கின்றனரா, சமயம், எழுதப் படிக்க வருமா, இக்குடியேற்ற நாட்டில் உறவினர் உண்டா, உடல்நிலை எவ்வாறு, பயணத்தில் குறை ஏதேனும் உண்டா என்பன அதன் பகுதிகள்.

இப்பட்டியலில் நம்மைத் தடுத்து நிறுத்தும் செய்தி ஒன்றுண்டு. 'அநாதைகள்' எனப் பெயர்பெற்ற அப்பெண்களுள் சிலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருந்ததாகவும் அதில் குறிக்கப்பட்டுள்ளது. பெற்ற மகளைத் தன்னோடு வைத்துப் பட்டினியால் இழப்பதா, கடல் கடந்து அனுப்பிக் கண்ணால் காணும் வாய்ப்பை இழப்பதா என்று தவித்த தாயின் உள்ளத்தை அந்த ஒற்றை வரி நமக்குக் காட்டுகிறது. அலுவலர் ஒருவர் ஒரு கட்டத்தை நிரப்பினார், அவ்வளவே. ஆனால் அக்கட்டத்துள் ஒரு வியாகுலத் தாய் நிற்கிறாள்.

வரவேற்பும் வசையும்

வந்திறங்கிய பெண்களுக்குக் கிடைத்த வரவேற்பு இனியதாக இல்லை. முதல் கப்பலில் வந்தவர்களைப் பற்றி, உடன்வந்த மருத்துவரே கடுமையான குற்றச்சாட்டுகளை முன்வைத்தார். அவர்களுக்குச் சமைக்கத் தெரியாது, துவைக்கத் தெரியாது, ஒழுக்கமில்லை என்று செய்தித்தாள்கள் எழுதின. குடியேற்ற நாட்டைக் கத்தோலிக்க மயமாக்கும் சூழ்ச்சி இது என்று பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர் ஜான் டன்மோர் லாங் முழங்கினார். உருளைக்கிழங்கை வேகவைப்பதன்றி வேறு சமையலறியாத குடிசையிலும், பிறகு ஏழையர் விடுதியிலும் வளர்ந்த சிறுமிக்குச் சீமாட்டியின் அடுக்களை எவ்வாறு பழகியிருக்கும் என்று நின்று எண்ணிப் பார்த்தவர் குறைவு. எதிர்ப்பு வலுத்ததால் இரண்டே ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது.

ஆயினும், நேர்மையான உள்ளங்களும் இல்லாமற் போகவில்லை. 1850 பிப்ரவரியில் 'தாமஸ் ஆர்பத்நாட்' என்னும் கப்பலில் வந்த பெண்களின் மருத்துவர் சார்லஸ் ஸ்ட்ரட், கப்பல் கரைசேர்ந்ததோடு தம் கடமை முடிந்ததென எண்ணவில்லை. அவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோரை வண்டிகளில் ஏற்றி யாஸ், கண்டகை ஆகிய உள்நாட்டு ஊர்கள் வரை தாமே அழைத்துச் சென்று, நல்ல வீடுகளில் வேலை அமர்த்தினார். வேலைக்கு எடுப்பவர் தகுதியுடையவரா என்றும் அவர் ஆராய்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. பணியாளின் நன்னடத்தையைப் பற்றி மட்டுமே அனைவரும் பேசிய காலத்தில், எசமானரின் நன்னடத்தையைப் பற்றிக் கேட்ட மனிதர் அவர்.

பின்னாளில் அப்பெண்களுள் பெரும்பாலோர் மணம் புரிந்து, காடு திருத்தி, பொன்வயல்களில் அலைந்து, பல மக்களைப் பெற்று வளர்த்தனர். சிலர் கொடிய கணவர்களிடமும் வறுமையிடமும் சிக்கி நலிந்தனர். நீதிமன்ற ஏடுகளிலும் மனநோய் விடுதிகளின் ஏடுகளிலும் அவர்களின் பெயர்கள் உள்ளன. ஆனால், தாம் வந்த விதத்தை மக்களிடம் சொல்லாமலே மறைந்தவர் பலர். ஏழையர் விடுதியின் அவமானமும் செய்தித்தாள்களின் வசையும் அவர்களின் நாவைக் கட்டியிருக்க வேண்டும். கைதிகளின் வழிவந்தோரும் இவ்வாறே மௌனம் காத்தனர். நாடுகடத்தல் நின்று சில ஆண்டுகளுக்குள், 1856இல், வான் டீமன்ஸ் லேண்ட் என்னும் தீவே தன் பெயரை மாற்றிக்கொண்டு டாஸ்மேனியா ஆயிற்று. தீவே தன் பழைய பெயரைக் களைய விரும்பிய நாட்டில், தனிமனிதர் தம் கதையை மறைத்ததில் வியப்பென்ன?

எரிந்த ஏடுகளும் எஞ்சிய ஏடுகளும்

கப்பல் பட்டியலில் பெயரைக் கண்டுபிடித்த கொள்ளுப்பேத்தி அத்துடன் நிறைவடைவதில்லை. கடலுக்கு அப்பால் அப்பெண் யாருடைய மகள்? இங்கேதான் தேடல் அயர்லாந்துக்குச் செல்கிறது. சென்ற இடத்தில் சாம்பலைக் காண்கிறது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நகரின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கேடுகள், சிற்சில பகுதிகள் நீங்கலாக, அழிந்தொழிந்தன. அரசுச் சபையாக விளங்கிய ஆங்கிலிக்கன் சபையின் பங்கேடுகளுள் பாதிக்கு மேற்பட்டவை சட்டப்படி அங்கு ஒப்படைக்கப்பட்டிருந்தமையால் அவையும் எரிந்தன.

கத்தோலிக்கப் பங்கேடுகளை எவரும் கேட்கவில்லை. தண்டனைச் சட்டங்களின் கீழ் நெடுங்காலம் ஒடுக்கப்பட்டிருந்த மக்களின் கோயிற் பதிவேடுகள் காப்பகத்தில் இடம்பெறாமல், கிராமத்துப் பங்கு இல்லங்களின் அலமாரிகளிலேயே கிடந்தன. அவ்வாறு கிடந்தமையாலேயே அவை பிழைத்தன. பின்னர் அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றை நுண்படமாக்கியது. 2015 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் ஏடுகளை இணையத்தில் அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்து வைத்தது. இலத்தீன் மொழியில் அவசரமாகக் கிறுக்கப்பட்ட வரிகள் அவை. ஜேம்ஸ் அங்கே யாக்கோபுஸ். பிரிஜெட் அங்கே பிரிஜிடா. குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், பிறந்த வீட்டுப் பெயரோடு தாயின் பெயர், ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகியோரின் பெயர்கள், திருமுழுக்கு அளிக்கப்பட்ட நாள் ஆகியவற்றுக்கு மேல் அவற்றில் அதிகம் இல்லை. மேற்கு அயர்லாந்தின் ஏழைப் பங்குகள் பலவற்றில் ஏடுகள் மிகப் பிந்தியே தொடங்குவதால், சிலருடைய தேடல் ஏழையர் விடுதியின் வாசலிலேயே நின்றுவிடுவதும் உண்டு.

இவ்விருவகை ஏடுகளையும் அருகருகே வைத்து நோக்குவோம். துறைமுகத்து ஏடு, இவள் நமக்குப் பயன்படுவாளா என்று கேட்டது. பங்கேடு, இவள் யாருடைய பிள்ளை, இவளுக்காக யார் பொறுப்பேற்று நின்றார் என்று எழுதியது. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் திருமணப் பதிவேட்டைப் பங்குத்தந்தையரின் கடமையாக்கிய போதும், ஞானப் பெற்றோரின் பெயர்களை எழுதிவைக்குமாறு பணித்த போதும், மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் பூமியின் மறுகோடியில் ஒரு குடும்பம் தன் வேரை அதில் கண்டடையும் என்று எவரும் எண்ணியிருக்க இயலாது.

சென்னையிலிருந்து சிட்னிக்கு

குடியேறியவர்களைப் பிறர் எழுதிய ஏடுகளைக் கண்டோம். அவர்களையே பேசவிட்டு எழுதிக்கொண்ட ஒருவரும் இருந்தார். அவருடைய பொதுப்பணி நம் சென்னையில்தான் தொடங்கியது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1808இல் இங்கிலாந்தின் நார்தாம்டன் நகரில் பிறந்த கரோலின் சிஷோம், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றிய ஆர்ச்சிபால்ட் சிஷோமை 1830இல் மணந்து, அவருடைய சமயமாகிய கத்தோலிக்கத்தைத் தழுவினார். கணவரோடு சென்னைக்கு வந்தவர், படைமுகாமில் கவனிப்பாரற்றுத் திரிந்த ஐரோப்பியப் படைவீரரின் பெண்மக்களுக்கென 1834இல் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். எழுத்தும் கணக்கும் சமயக் கல்வியும் அங்குக் கற்பிக்கப்பட்டன. சமையலும் வீட்டு நிர்வாகமும் உடன் பயிற்றுவிக்கப்பட்டன.

1838இல் கணவரின் உடல்நலம் கருதி ஆஸ்திரேலியா சென்ற அவர், சிட்னித் துறைமுகத்தில் வேலையும் தங்குமிடமும் இன்றித் தெருவில் நின்ற குடியேறிய பெண்களைக் கண்டார். ஆளுநரிடம் மன்றாடி 1841இல் பழைய பாசறையொன்றின் பகுதியைப் பெற்று அவர்களுக்கு இல்லம் அமைத்தார். எலிகள் ஓடிய அக்கட்டடத்தில் தாமும் தங்கினார். பெண்களை வண்டிகளில் ஏற்றி, தாம் குதிரையில் முன்சென்று, உள்நாட்டுப் பண்ணைகளில் வேலையும் வாழ்வும் தேடித் தந்தார். ஏழாண்டுகளில் ஏறத்தாழ 11,000 பேர் அவரால் பயனடைந்தனர்.

அநாதைச் சிறுமியரின் கப்பல்கள் வருவதற்கு முன்பே, 1846இல் அவர் இங்கிலாந்து திரும்பினார். புறப்படும் முன் அவர் செய்த ஒரு செயல் வரலாற்றாசிரியரின் நன்றிக்குரியது. நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று, குடியேறியவர்களின் வாக்குமூலங்களை நூற்றுக்கணக்கில் எழுதிக்கொண்டார். எங்கிருந்து வந்தாய், என்ன கூலி பெறுகிறாய், என்ன உண்கிறாய், உன் உறவினரை இங்கு அழைக்க விரும்புகிறாயா என்று கேட்டார். தாய்நாட்டில் விடப்பட்ட மனைவியரையும் பிள்ளைகளையும் குடும்பத்தோடு சேர்த்துவைக்க அரசிடம் வாதாட அவ்வாக்குமூலங்களே அவருக்குக் கருவியாயின. 1967 முதல் 1990களின் தொடக்கம் வரை ஆஸ்திரேலியாவின் ஐந்து டாலர் தாளில் அவருடைய முகம் இடம்பெற்றிருந்தது.

அட்டவணையில் நிற்கும் பெண்கள்

முன்னோரைத் தேடுவது வீண்பெருமை தேடுவதாகவும் ஆகிவிடக்கூடும். அரச குலத்தையும் செல்வக் குடியையும் எதிர்பார்த்து ஏடுகளைப் புரட்டி, கைதியையும் அநாதையையும் கண்டு அவற்றை மூடிவிட்டவர் ஒரு காலத்தில் பலர். மத்தேயு நற்செய்தியாளர் தரும் தலைமுறை அட்டவணையை அவர்கள் நினைத்திருந்தால் மூடியிருக்க மாட்டார்கள். மெசியாவின் மூதாதையரை வரிசைப்படுத்தும் அவ்வட்டவணையில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகிய நால்வரும் இடம்பெறுகின்றனர். குடும்பங்கள் மறைக்க விரும்பும் கதைகள் அவர்களுடையவை. அவர்களுள் ரூத்தோ, பஞ்சத்தின் நிழலில் தொடங்கிய கதையில், அயல்நாட்டு வயலில் கதிர் பொறுக்கி வாழ்ந்த குடியேறியவள். அவர்களை நீக்கிவிட்டு அட்டவணையை எழுதுவது எளிது. மத்தேயு அவ்வாறு எழுதவில்லை.

ஆஸ்திரேலியரும் இன்று அவ்வழியில் வந்து சேர்ந்துள்ளனர். மறைக்கப்பட்ட கைதி மூதாதையர் இன்று மகிழ்ச்சியோடு பேசப்படுகின்றனர். 1999இல் சிட்னியின் ஹைட் பார்க் பாசறை மதிலில் அயர்லாந்துப் பெரும்பஞ்சத்திற்கு நினைவுச்சின்னம் திறந்து வைக்கப்பட்டது. மதிலை ஊடுருவிச் செல்லும் நீண்ட மேசை. அதன் ஒரு பக்கம் வெறுமையான கிண்ணம். மதிலில் பதித்த கண்ணாடியில் அப்பெண்களுள் 400 பேரின் பெயர்கள். அவற்றுள் சில தெளிவாகவும் சில மங்கியும் காணுமாறு அமைத்துள்ளனர். கப்பல் பட்டியலில் கண்ட பெயரோடு அங்கு வரும் கொள்ளுப்பேத்தியர், அம்மங்கலான எழுத்துகளை விரலால் தடவி ஒவ்வொன்றாகப் படிக்கலாம்.